சும்மா இருக்கும் சதையின் சத்தம்

வெண்ணந்தூரில் எங்கள் வீடும் தறிக்கூடமும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம். பகலெல்லாம் விசைத்தறிச் சத்தம்தான். சாப்பாடு, சண்டை, சாமி கும்பிடுவது எல்லாமே அந்தச் சத்தத்துக்குள்தான் நடக்கும். ஒரு தறி நின்றுபோனால், மற்றவை ஓடிக்கொண்டிருக்கும்போதே, நின்றது எது என்று என் மனைவி அடுப்படியில் இருந்தபடி சொல்லிவிடுவாள். எங்களுக்குச் சத்தம் வந்தால் பிழைப்பு நடக்கிறது என்று அர்த்தம். சத்தம் இல்லையென்றால் நூல் அறுந்திருக்கும், கரண்ட் போயிருக்கும், இல்லை யாராவது செத்திருப்பார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேலத்து ஆஸ்பத்திரியில் அன்றைக்கு நாங்கள் அத்தனை பேரும் சேர்ந்து ஏமாந்தது இந்தக் காதுகளால்தான்.

எங்களுக்கு ஒரே மகள். டிகிரி முடித்துவிட்டு ராசிபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். லீவு நாளில் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தீர்ந்து, புதுப்பாவைப் பழைய பாவோடு பிணைக்க வேண்டியிருந்தால் அவளும் வந்து உட்காருவாள். இரண்டு இழைகளை விரல் நுனியில் வைத்து ஒரு திருகு திருகினால் ஒன்றாகிவிடும். அவள் திருகியது அறுந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

நாமகிரிப்பேட்டைப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மஞ்சள் வியாபாரம் செய்கிற குடும்பம். பையன் நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீஸில் வேலையில் இருந்தார். பையனின் அம்மாவும் பிறந்த வீட்டில் தறிச்சத்தத்தில் வளர்ந்தவர் என்பதால் எங்களோடு சீக்கிரம் ஒட்டிக்கொண்டார். ஜாதகம் பொருந்தியது. ஆனாலும் அம்மனிடம் பூக் கேட்காமல் எங்கள் இரு வீட்டிலும் நல்ல காரியம் தொடங்குவதில்லை. பூசாரி அம்மனின் இரண்டு தோளிலும் ஈரப் பூவை ஒட்டி வைப்பார். வலது பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் உத்தரவு. இடது விழுந்தால் வேண்டாம். ஏதாவது ஒன்று விழும்வரை இரு வீட்டாரும் கைகூப்பியபடி நிற்க வேண்டும். சில சமயம் கால் மரத்துப்போகும். எங்களுக்கு அன்றைக்கு அப்படி ஆகவில்லை. காட்டிய கற்பூரம் அணைவதற்குள் வலது பக்கத்துப் பூ விழுந்துவிட்டது.

சம்பந்தியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தாளே குடுத்துட்டா. இனி மனுசங்க பேசறதுக்கு ஒண்ணுமில்லீங்கண்ணா" என்றார்.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அந்தக் கண்ணீரை நினைத்தால் இப்போது கசக்கிறது.

நிச்சயம் முடிந்து நாள் குறித்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளைப் பையன் பைக்கில் வந்தார். கொண்டப்பநாயக்கன்பட்டியில் அவருடைய அத்தை இருந்தார். முட்டிவலியால் நிச்சயத்துக்கு வர முடியாதவர். பெண்ணைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வருகிறேன் என்றார். என் மனைவி தயங்கினாள். உடனே சம்பந்தியம்மாவிடமிருந்து போன் வந்தது.

"கட்டிக்கப் போறவனோடதானுங்க போவுது. எந்தக் காலத்துல இருக்கறீங்க? அனுப்பி வைங்கண்ணா."

அனுப்பி வைத்தோம். திரும்பி வரும்போது ரோட்டோரத்து ஜல்லியில் வண்டி சறுக்கியது. பையனுக்கு உள்ளங்கையில் சிராய்ப்பு. என் மகளுக்கு வலது மேற்கை எலும்பு இரண்டாக உடைந்துவிட்டது.

சேலத்தில் ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். எலும்பு ஒழுங்காகச் சேர்ந்தது. ஆனால் கை மணிக்கட்டோடு தொங்கிப்போயிருந்தது. மூடத் தெரிந்தது, விரிக்கத் தெரியவில்லை. நான் "தூக்கு சாமி" என்றால் அவள் முகம் முழுக்கச் சிவக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், மணிக்கட்டு மட்டும் பறித்துப் போட்ட கீரைபோலக் கிடக்கும். அதைப் பார்க்கக்கூடாது என்று தறிக்கூடத்துப் பக்கம் போய்விடுவேன்.

எலும்பு டாக்டர் சொன்னார்: "இந்த எலும்பை ஒட்டி ஒரு நரம்பு போகுதுங்க. அது அடிபட்டிருக்கு. நசுங்கியிருக்கா, அறுந்திருக்கான்னு வெளியில இருந்து சொல்ல முடியாது. சதைக்குள்ள ஊசி வெச்சு அதுல வர்ற கரண்ட்ட மெஷினுல சத்தமாக் கேக்கற டெஸ்ட் இருக்கு. கொஞ்ச வாரம் போகட்டும், எடுத்துரலாம்."

இதைச் சம்பந்தியம்மாவிடம் போனில் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"அப்படீங்களா? அப்ப அந்த மெஷினு என்ன சொல்லுதுன்னு கேட்டுப்போட்டு மேக்கொண்டு பேசிக்கலாங்கண்ணா."

"மேக்கொண்டு பேச என்னங்க இருக்குது? பூ விழுந்துருச்சுங்களே."

"பூ விழுந்தப்ப கை நல்லா இருந்துச்சுங்களே" என்றார்.

ஆத்தா அன்றைய கையைப் பார்த்துத்தான் உத்தரவு கொடுத்தாளா? நாளைக்கு நடக்கப்போவது அவளுக்குத் தெரியாதா? எட்டாவதோடு நின்றவன் நான். ஆனாலும் இந்தக் கேள்வியைக் கேட்கப் படிப்பு வேண்டியதில்லை. சாமி கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல அந்தம்மாவுக்குப் பயம். அதனால் வேண்டாம் என்று சொல்லும் வேலையை மெஷினிடம் விட்டுவிட்டார்.

டெஸ்ட் நாளில் தாயும் மகனும் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு கம்ப்யூட்டர், நடுவில் பச்சைத் திரை. என் மகளோடு என் மனைவியும் சம்பந்தியம்மாவும் திரைக்கு உள்ளே போனார்கள். நானும் பையனும் வெளியே நின்றோம். டெஸ்ட் எடுத்தது ஒரு லேடி டாக்டர். வயது குறைவுதான். குரலில் அவசரமே இல்லை.

முதலில் தோலுக்கு மேலே கரண்ட் வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் என் மகள் "ஸ்ஸ்" என்பது கேட்டது. பிறகு ஊசி.

"இது தோள்பட்டைச் சதைம்மா. கையை லூஸா விடு. எதுவும் பண்ணாத."

ஒரு சத்தமும் இல்லை. அறை முழுக்க அமைதியாக இருந்தது. உள்ளே சம்பந்தியம்மா உச்சுக்கொட்டினார்.

"சத்தமே காணோமுங்களே டாக்டரு?"

"கொஞ்சம் பேசாம இருங்கம்மா. இப்பக் கையைத் தூக்கு பாப்பா."

தூக்கியதும் மெஷின் படபடவென்று இரைந்தது. பையனும் நானும் மூச்சுவிட்டோம். ஊசியை எடுத்துக் கீழே முன்கையில் வைத்தார்கள். டாக்டர் இன்னும் தூக்கச் சொல்லவில்லை. அதற்குள்ளாகவே மெஷினிலிருந்து சடசடவென்று சத்தம் வந்தது. தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி, இடைவிடாமல், ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

நான் அங்கேயே கைகூப்பினேன். விபத்துக்குப் பிறகு முதல்தடவையாகப் பையன் என் முகத்தைப் பார்த்தார். "மாமா, ஓடுதுங்க" என்றார்.

உள்ளே டாக்டரின் குரல் கேட்டது. "மணிக்கட்டைத் தூக்கும்மா. முயற்சி பண்ணு. இன்னும்... இன்னும் கொஞ்சம். சரி, விடு."

தூக்கச் சொன்னபோதும் அதே மழைதான், விடச் சொன்னபோதும் அதே மழைதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. சத்தம் வருகிறது, அது போதும். தறிக்காரன் காது அவ்வளவுதான்.

சம்பந்தியம்மா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"கை பொழச்சுக்கிச்சுங்கண்ணா! கம்முனு வெச்சிருக்கையிலயே இந்த ஓட்டம் ஓடுதே, தூக்குனா என்ன ஓட்டம் ஓடும்! ஆத்தா கைவிடுவாளா?" உடனே போனை எடுத்துத் தன் வீட்டுக்காரரிடம், "தேதிய மாத்த வேண்டாமுங்க" என்றார். பின்னாலேயே வந்த என் மனைவியின் கையைப் பிடித்து, "அண்ணி, இனி அழுவாதீங்க. எங்கூட்டு மருமவ அவ" என்றார். அந்தப் பிடி பொய்யில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

டாக்டர் எல்லோரையும் உட்காரச் சொன்னார். மெதுவாகவே சொன்னார்.

"அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சந்தோசப்பட்டீங்க. நான் அப்பவே சொல்லியிருக்கலாம், டெஸ்ட் முடியட்டும்னு விட்டுட்டேன். நல்ல சதை சும்மா இருக்கறப்ப சத்தமே போடாதுங்க. நரம்பு சொன்னாத்தான் பேசும். தோள்பட்டை அப்படித்தான் இருந்துச்சு. முன்கைச் சதைக்கு இப்ப நரம்புல இருந்து எந்தச் சேதியும் வர்றதில்ல. சேதி நின்னுபோன சதை கொஞ்ச நாள்ல தானாத் துடிக்க ஆரம்பிச்சிரும். நீங்க கேட்டது அந்தத் துடிப்பு. தூக்கச் சொன்னப்ப அது ஒரு துளி கூடலை, கவனிச்சீங்களா?"

என் மகள்தான் கேட்டாள்.

"செத்துப்போச்சுங்களா டாக்டர்?"

"சாகலைம்மா. செத்திருந்தா அந்தச் சத்தமும் வராது. காத்துக்கிட்டு இருக்குது. நரம்பு வளந்து வந்து சேந்தா மறுபடியும் சொன்ன பேச்சுக் கேக்கும். வராமயே போனா சதை வத்திரும். மூணு மாசம் பாப்போம். ஒண்ணும் இல்லைன்னா திறந்து பாத்துத்தான் ஆகணும்."

காத்துக்கொண்டிருக்கிறது என்பதை என் மகள் பிடித்துக்கொண்டாள். வற்றிவிடும் என்பதைச் சம்பந்தியம்மா பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் பையன் பைக்கை எடுக்கப் போனவர், போய்வருகிறேன் என்று சொல்லத் திரும்பி வரவே இல்லை.

அந்த வாரமே சம்பந்தியம்மாவிடமிருந்து போன் வந்தது.

"ஆத்தா மொத பூவுல சொன்னா, இப்ப மெஷினுல சொல்லிப்போட்டாங்கண்ணா. நாம என்னங்க பண்றது? எங்கூட்டுல ஆளுக்காரங்களுக்குச் சோறு வடிச்சுக் கொட்டற வேலை இருக்குது. ஒத்தக் கையில அந்தப் புள்ளையும் சிரமப்படும். அத நெனச்சுத்தான் சொல்றேன்."

"உங்க பையன் ஓட்டுன வண்டியிலதானுங்க விழுந்தா" என்றேன்.

"விதிங்கண்ணா. எம் பையனும்தான விழுந்தான்?"

பையன் என் மகளுக்கு ஒரு வரி அனுப்பியிருந்தார். அவள் அதைத் தறிச்சத்தத்துக்கு நடுவில் எங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். "அம்மா பேச்சை மீற முடியலை." படித்துவிட்டு, "எழுத்துப்பிழை இல்லாம எழுதியிருக்காருங்கப்பா" என்றாள். என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பிறகு ஊர் வந்தது. விசாரிக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தக் கைங்க?" வலது என்றதும் ஒரு "அடடா". இடதாக இருந்தால் பரவாயில்லை என்று சிலர் ஆறுதலும் சொன்னார்கள். பக்கத்துத் தெருவில் ஒருவர் டீக்கடையில் வைத்து, "பூவும் வலது பக்கந்தான விழுந்துச்சாமா? அப்பவே ஆத்தா எந்தக் கைன்னு காட்டிப்போட்டா" என்று சொல்லிச் சிரித்தாராம். என் காதுக்கு வந்தது. அம்மனைப் பற்றிப் பேசும்போதும் மனிதனுக்கு இப்படிச் சிரிப்பு வருமா என்று நினைத்தேன். எந்தக் கோபத்தையும் நான் கோயிலுக்குக் கொண்டுபோவதில்லை. அன்றைக்குக் கொண்டுபோனேன். விளக்குப் போட்டேன், விழுந்து கும்பிட்டேன், கோபத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அந்த மூன்று மாதமும் அவள் மணிக்கட்டைத் தூக்கிப் பிடிக்கிற பட்டையைப் போட்டுக்கொண்டிருந்தாள். ராசிபுரத்துக்குப் போய்ச் சதைக்குக் கரண்ட் வைத்துக்கொண்டு வருவாள். இடது கையால் சாப்பிட்டாள். ஒருநாள் பாவு பிணைக்கிற இடத்தில் தானாக வந்து உட்கார்ந்தாள். இடது விரலால் திருகிப் பார்த்தாள், இழை அவிழ்ந்தது. மறுபடியும் திருகினாள், மறுபடியும் அவிழ்ந்தது. "போ சனியனே" என்று நூலைத்தான் திட்டினாள். நான் தலையைத் தூக்காமல் என் இழையைத் திருகிக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில் சாமியிடம் நான் கல்யாணத்தைக் கேட்கவில்லை. மணிக்கட்டைக் கேட்டேன். ஆத்தா, அது ஒருமுறை மேலே எழும்பட்டும் என்று கேட்டேன்.

இரண்டாவது டெஸ்டுக்கு நாங்கள் மூன்று பேர் மட்டும் போனோம். அதே அறை, அதே டாக்டர், அதே பச்சைத் திரை. ஊசி வைத்ததும் மழை கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் இந்தத் தடவை தூறல்தான். விட்டுவிட்டுத் தூறியது.

"தூக்கும்மா."

டொப். கொஞ்சம் இடைவெளி. டொப், டொப்.

"விடு."

டொப் நின்றுவிட்டது, தூறல் மட்டும் இருந்தது.

"மறுபடி தூக்கு."

டொப், டொப்.

இந்தத் தடவை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சொன்னால் வருகிறது, விடு என்றால் நிற்கிறது. உள்ளே டாக்டர், "இது நீ போடற சத்தம்மா" என்றார்.

"இன்னொருக்கா தூக்கட்டுங்களா டாக்டர்?" என்று என் மகள் கேட்டாள். திருவிழாவில் ராட்டினத்தில் இன்னொரு சுற்று கேட்கிற பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது அது. திரைக்கு வெளியே நின்று நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

டாக்டர் ரொம்பவும் ஆசை காட்டவில்லை. "நரம்பு வர ஆரம்பிச்சிருக்கு. அறுக்கத் தேவையில்லை. மணிக்கட்டு எழும்பும்னு நினைக்கறேன். ஆனா விரல் இன்னும் தூரத்துல இருக்கு. அதுலயும் கட்டைவிரல் கடைசி. அதுவரைக்கும் வந்து சேருமான்னு இப்பச் சொல்ல மாட்டேன்."

பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சம்பந்தியம்மாதான். சம்பந்தமே இல்லை என்றான பிறகும் அந்தப் பெயர் என் வாயில் இருந்து போகவில்லை.

"நல்லா இருக்கறீங்களாண்ணா? புள்ளைக்கு இப்ப எப்படீங்க இருக்குது?"

"டெஸ்டு எடுத்துட்டு வாரமுங்க" என்றேன். என்ன வந்தது என்று கேட்பார் என்று ஒரு நொடி காத்திருந்தேன். கேட்கவில்லை.

"ஒண்ணுமில்லீங்கண்ணா, எம் பையனுக்கு வேற எடம் வந்திருக்குதுங்க. அவங்க நெம்பக் கட்டுப்பாடு. ஒரு புள்ளைக்கு ஆத்தாகிட்டப் பூ வாங்கிப்போட்டு, அத விடுவிக்காம எங்க புள்ளையக் குடுக்க மாட்டோமுங்கறாங்க. பூசாரியக் கேட்டா, பூ வாங்குன ரெண்டு ஊடும் வந்து நின்னாத்தான் ஆத்தா விடுவாங்கறாரு. வர்ற வெள்ளிக்கெழம ஒரு நட வந்துட்டுப் போங்கண்ணா. நீங்க பக்தி இருக்கறவரு, மாட்டேன்னு சொல்ல மாட்டீங்க."

போனை மனைவியிடம் கொடுத்துவிடலாமா என்று பார்த்தேன். அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். என் மகள் பட்டை கட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு, "போயிட்டு வாங்கப்பா. நம்ம பேரு அங்க எதுக்குக் கெடக்கணும்?" என்றாள்.

போனேன். கோயிலுக்கு வா என்று ஒருவர் கூப்பிட்டு மாட்டேன் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

அவர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பையன் சந்தன நிறச் சட்டையில் நின்றார், என்னைப் பார்த்ததும் செருப்பை ஒழுங்குபடுத்துவதுபோலக் குனிந்துகொண்டார். பூசாரி ஈரப் பூவை அம்மனின் தோள்களில் ஒட்டினார். "ரெண்டு ஊட்டுக்காரரும் மனசாரக் கேளுங்க" என்றார். சம்பந்தியம்மா கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுக்க ஆரம்பித்தார்.

நானும் கைகூப்பினேன். அவர்களை விட்டுவிடு ஆத்தா என்று கேட்கத்தான் வந்திருந்தேன். கும்பிட்ட கையைப் பார்த்ததும், இப்படி இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துவைக்க என் மகளால் இன்னும் முடியாது என்று தோன்றியது. அதற்கப்புறம் எனக்கு வேறு எதுவும் கேட்க வரவில்லை. விரலைக் கேட்டேன். கட்டைவிரலைக் கேட்டேன். நரம்பே, வந்துவிடு, வழியில் எங்கேயும் நின்றுவிடாதே என்று அம்மனைப் பார்த்துக்கொண்டே நரம்பையும் கேட்டேன்.

பூ விழவில்லை. வலதும் விழவில்லை, இடதும் விழவில்லை. கற்பூரம் இரண்டாம் முறை காட்டினார்கள். வெயில் கோயில் படி தாண்டி உள்ளே வந்தது. பின்னால் வந்தவர்கள் கும்பிட்டுவிட்டுத் திருநீறு வாங்கிப் போனார்கள். பையன் காலை மாற்றி மாற்றி நின்றார். கடைசியில் பூசாரி, "நட சாத்தற நேரமாச்சுங்க" என்று சொல்லிக் கையைப் பிசைந்தார்.

சம்பந்தியம்மா என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது.

"அண்ணா, நீங்க மனசாரக் கேக்கலீங்க."

சாமி முன்னால் நின்றுகொண்டு பொய் சொல்லக்கூடாது. "இல்லீங்க. கேக்கலீங்க" என்றேன்.

"ஏனுங்கண்ணா இப்படிப் பண்றீங்க? எம் பையன் வாழ வேண்டாமுங்களா?"

"வாழட்டுமுங்க. நான் என்ர புள்ளைக்குத்தானுங்க கேட்டேன். வேற எதும் வாயில வல்லீங்க."

திருநீறு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அவர்கள் பின்னாலேயே வந்து ஏதாவது பேசுவார்கள் என்று கொஞ்ச நேரம் நின்றேன். யாரும் வரவில்லை. பிறகு வேறொரு கோயிலில் கேட்டார்களாம், பூ விழுந்ததாம், கல்யாணமும் நடந்தது. எங்களுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. வைத்திருந்தால் போயிருப்பேனோ என்னவோ.

என் மகளின் மணிக்கட்டு இப்போது எழும்புகிறது. முழுக்க இல்லை, ஒரு டம்ளரைப் பிடித்துத் தூக்கும் அளவுக்கு. விரல்கள் பாதி விரிகின்றன. டெஸ்டுக்கு இன்னொரு முறை வரச் சொல்லியிருக்கிறார்கள். கட்டைவிரலுக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.